கரும்புகை வந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

கேள்வி: என்னுடையது 1997 மாடல் மாருதி 800, காபரேட்டர் வண்டி. காலையில் ஒரே செல்ஃபில் கிளம்பிவிடும். பத்து நிமிடம் ஓடிச் சூடானதும் சைலன்சரில் கரும்புகை, பெட்ரோல் வாடை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்துவிடுகிறது. முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால்தான் திரும்பக் கிளம்பும். ரிங், பிஸ்டன் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்கணும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
- ஒரு வாசகர், தேவிபட்டினம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்தால் ஆயில் எரியும், புகை நீலமாக வரும். உங்களுக்கு வருவது கறுப்பு. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அது கிடைக்காதபோது மிச்சம் கரியாக வெளியே வருகிறது. ஐட்லிங்கில் வண்டி அணைவதற்கும் அதுவே காரணம். முழுக்க மிதித்தால் கிளம்புகிறது என்றீர்களே, அப்போது காற்று தாராளமாக உள்ளே போகிறது. அந்த ஒரு வரியிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது.

காலையில் நன்றாகக் கிளம்பி, சூடானதும் மக்கர் செய்கிறது என்றால் என் முதல் சந்தேகம் சோக் மேல்தான். குளிர்ந்த இன்ஜின் சுலபமாகக் கிளம்ப, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டருக்குள் காற்று போவதைக் குறைக்கும் தகடு அது. சூடானதும் திறந்துவிட வேண்டும். நம் கடற்கரை வண்டிகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். மண்டபத்தில் மீன் ஏற்றும் வண்டி ஒன்று இதே புகையோடு என் பட்டறைக்கு வந்தது. சோக் குமிழை உள்ளே தள்ளினால் சுலபமாகப் போனது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் காபரேட்டர் வாயில் இருக்கும் தகடு முக்கால்வாசி மூடியே கிடந்தது. கேபிள் உறையைப் பிடித்திருக்கும் கிளிப் துருப்பிடித்து உடைந்திருந்ததால், குமிழைத் தள்ளும்போது உறைதான் நகர்ந்ததே தவிர உள்ளே கம்பி அசையவில்லை. கம்பியை உருவினேன், செம்பழுப்பு மாவாக விரலில் ஒட்டியது. பாம்பன் பழைய ரயில் பாலத்தையே அரித்துப்போட்ட உப்புக்காற்று, இந்தக் கம்பியை விடுமா? புது கேபிளும் கிளிப்பும் போட்டதும் புகை நின்றது.

நீங்களும் இன்ஜின் ஆறியபின் மூடியைக் கழற்றுங்கள். குமிழை முழுக்க உள்ளே தள்ளியதும் தகடு செங்குத்தாக நிற்க வேண்டும். நின்றால் சோக் குற்றமில்லை. அப்புறம் ஏர் ஃபில்டரை வெயிலில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சமே தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். ஆடிக் காற்றில் பறக்கும் மணல் அதைச் சீக்கிரம் அடைத்துவிடும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஃப்ளோட் நீடிலை, அதாவது காபரேட்டருக்குள் பெட்ரோல் அளவுக்கு மேல் வராமல் அடைக்கும் ஊசியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் தூசி சிக்கினாலோ தேய்ந்தாலோ, இன்ஜின் நின்றபிறகும் காபரேட்டருக்குள் பெட்ரோல் சொட்டும். வெளியே வழிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், தீப்பிடிக்கும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது.

மூன்று ப்ளக்கையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் உலர்ந்த கரி படிந்திருந்தால் நான் சொன்னது உறுதி. ஒன்றில் மட்டும் ஆயில் பிசுக்கு இருந்தால் அந்த சிலிண்டரில் கம்ப்ரஷன், அதாவது உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கலாம். பிரிப்பதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது. கோளாறைச் சரிசெய்த அன்றே ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். அப்படியே ஓட்டினால்தான் ரிங், பிஸ்டன் நிஜமாகவே தேயும். அதற்கும் புகை நிற்காவிட்டால், ப்ளக்கின் நிறத்தைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.