சிகரெட்டை விட்டுப் பல மாதம் ஆன பிறகும் ஏன் மறுபடி பிடிக்கத் தோன்றுகிறது? மன உறுதி இல்லாததாலா?

பதினான்கு வருஷம் தம் அடித்து, மூன்று முறை விட்டவன் நான். மூன்றாவது முறை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. என்னைக் கேட்டால், உடம்பைவிட டீக்கடைதான் பெரிய தொல்லை.

முதலில் உடம்பு. புகையோடு போகும் நிகோடின் 10, 20 நொடிக்குள் மூளையை எட்டி, ஆசையைத் தூண்டும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்க வைக்கிறது. தினமும் இதே நடந்தால், நிகோடினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகளை மூளை அதிகமாக்கிக்கொள்கிறது. ரத்தத்திலோ நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். காலையில் பல் விளக்கும் முன்பே கை பரபரப்பது அதனால்தான். விட்டால் முதல் 2, 3 நாள் நரகம். வீட்டில் எல்லோரோடும் சண்டை. மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

சரி, அப்புறம் முன்பு ஒருமுறை விட்ட எட்டாவது மாதம் நான் ஏன் விழுந்தேன்?

வுல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்கு ஒரு சமிக்ஞை காட்டிவிட்டுப் பழச்சாறு கொடுத்தார். பழகிய பிறகு அவற்றின் மூளையில் டோபமைன் சுரக்கும் நரம்பு செல்கள் சாற்றுக்குத் துடிக்கவில்லை, அதற்கு முன்னால் வரும் சமிக்ஞைக்கே துடித்தன. எனக்கு அந்தச் சமிக்ஞை, பெட்டிக்கடையில் நுனி கனன்றபடி தொங்கும் கயிறு. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பியதும் பழையபடி அடிமையாகவில்லை என்று 1970களில் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். இடம் மாறியதும் அதற்கு ஒரு காரணம் என்பார்கள். நமக்கு அந்த வசதி ஏது? கடை தெருமுனையிலேயே இருக்கிறது.

அன்று பெரியப்பா இறந்த வீடு. ராத்திரி இரண்டு மணி, பந்தலுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, கையில் டீ. "ஒண்ணுதானே மச்சான்" என்று ஒருவன் பாக்கெட்டை நீட்டினான். அந்த ஒன்றுகூட என்னைக் கெடுக்கவில்லை. மறுநாள் காலை, "அதான் கெட்டாச்சே, இனி என்ன" என்று நானே ஒரு பாக்கெட் வாங்கினேன் பாருங்கள், அதுதான் கெடுத்தது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் சறுக்குவது வேறு, பழையபடி விழுவது வேறு என்று பிரித்துக் காட்டியவர். சறுக்கியவன் தன்னையே திட்டிக்கொண்டு 'எல்லாம் போச்சு' என்று கைவிடும்போதுதான் சறுக்கல் விழுதலாகிறது. மன உறுதி இல்லை என்று நம்மை நாமே ஏசுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மூன்றாவது முறை டாக்டரிடம் கேட்டு நிகோடின் சூயிங்கம் மென்றேன், டீக்கடையை மாற்றினேன், கொஞ்ச நாள் டீயையே விட்டுக் காபிக்கு மாறினேன். அப்படியும் இரண்டாம் மாதத்தில் ஒருமுறை சறுக்கினேன். பாதியில் அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். மறுநாள் பாக்கெட் வாங்கவில்லை.