மேடை இறங்கிய பிறகும் அடங்காத இரைச்சல்

அன்புள்ள அம்மா,

நான் மட்டக்களப்பு, கல்லடியைச் சேர்ந்தவன். வயது 36. ஒலியமைப்பு என் தொழில். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பாடசாலை விழா என்று வாழைச்சேனையில் இருந்து பொத்துவில் வரைக்கும் மேடைகளுக்கு எதிரே, ஒலிகளைக் கலந்து அளவு பார்க்கும் மிக்சருடன் நிற்பவன். சிறுவனாக இருந்தபோது மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாக் காலத்தில் இசைக்குழு பாடினால், எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள். நான் மிக்சரில் நிற்கும் அண்ணரின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்த ஆசைதான் என்னை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவந்தது.

எங்கள் பகுதிக் குழுக்களுக்கு வெளியில் பெரிய பெயர் இல்லை. பகலில் மாவட்டச் செயலகத்தில் லிகிதராக இருப்பவர் இரவில் பேஸ் கிற்றார் வாசிப்பார். கல்முனையில் மோட்டார் சைக்கிள் திருத்துகிற தம்பி ட்ரம்ஸில் உட்கார்ந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவான். பாடகர் ஓர் அடியை மறந்து தடுமாறுவார். கீபோர்ட்காரர் அதே துண்டைத் திரும்ப வாசித்து அவரைக் காப்பாற்றிவிடுவார். சனத்துக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். மாலையில் வெறும் திடலில் சரிபார்த்து வைத்த ஒலி, இரவில் ஆட்கள் நிறைந்ததும் மந்தமாகிவிடும். கடற்காற்று திசை மாறினால் மேல் சுரங்களெல்லாம் எங்கோ போய்விடும். ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாகப் பிடிக்க வேண்டும். பைலா தொடங்கிக் கதிரைகள் காலியாகி, கிழவர்கள்கூட ஆடும்போது, அந்தக் கூட்டத்திலேயே மகிழ்ச்சியான ஆள் நானாகத்தான் இருப்பேன். இப்போது ஒரு கீபோர்ட்டையும் பதிவு செய்த பின்னணி இசையையும் வைத்தே பல நிகழ்ச்சிகளை முடித்துவிடுகிறார்கள். அவற்றுக்கு மனமில்லாமல் போகிறேன். உண்மையான ட்ரம்ஸ் இருக்கிறது என்றால் பாதிக் கூலிக்கும் போய்விடுவேன்.

என் பிரச்சினை இதுதான். சில மாதங்களாக இரண்டு காதிலும் ஓயாத இரைச்சல். முன்பும் நிகழ்ச்சி முடிந்த இரவில் இப்படி வரும், காலையில் போய்விடும். இப்போது போவதே இல்லை. எங்கள் வாவியில் இரவில் எழும் மெல்லிய ஒலியைப் பாடும் மீன் என்பார்கள். அதைக் கேட்க விரும்புகிறவர்கள் நிலவில் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீரில் இறக்கிக் காதை வைப்பார்கள். எனக்கு அந்தச் சிரமம் இல்லை, படுக்கையிலேயே கேட்கிறது.

ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் உறங்குகிறேன். தன்னோடு கதைக்க விருப்பமில்லாமல்தான் அதைப் போடுகிறேன் என்று மனைவி நினைக்கிறாள். குசினியில் இருந்து அவள் கூப்பிடுவது கேட்கிறது. என்ன சொன்னாள் என்பது விளங்குவதில்லை. “பாட்டென்றால் உங்களுக்குக் காது நீளும், நான் கூப்பிட்டால் அடைத்துப்போகும்” என்கிறாள். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. காது போனவனை எந்தக் குழு கூப்பிடும்?

அண்மையில் அக்கரைப்பற்றில் ஒரு நிகழ்ச்சி. கீபோர்ட் வாசிக்கும் பையன் இறங்கி வந்து, “அண்ணா, மேல் சத்தம் ஊசி மாதிரிக் குத்துகிறது” என்றான். எனக்கு அளவாகத்தான் கேட்டது. பேசாமல் குறைத்துவிட்டேன். அன்றிரவு உறக்கமில்லை. அதிலிருந்து தினமும் கைத்தொலைபேசியில் கீச்சொலிகளைப் போட்டு, எதுவரை கேட்கிறது என்று பார்க்கிறேன். வீட்டில் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொள்கிறேன். மைத்துனர் கட்டாரில் ஒரு ஹோட்டலில் வேலை இருக்கிறது, வா என்கிறார். தொழிலை விட்டுவிடவா? இல்லாத சத்தம் கேட்பது மனநோயின் தொடக்கமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கல்லடி

*

அன்புள்ள தம்பி,

மனநோய் இல்லை. உங்களுக்குப் பேச்சுக்குரல் எதுவும் கேட்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பது காதிரைச்சல். பல காலம் பெரும் சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு இது வருவது மிகச் சாதாரணம். உட்காதில் ஒலியை நரம்புக்குக் கைமாற்றும் மயிர்க்கலங்கள் ஏறத்தாழ 15,000 இருக்கின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. காதில் இருந்து வரும் சமிக்ஞை குறையும்போது மூளை தன் பக்கத்தில் உணர்திறனைக் கூட்டிக்கொள்கிறது என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். உள்ளே வரும் ஒலி மெலிதாக இருக்கிறதென்று ஒலியைப் பெருக்கும் கெயினைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து எழும்பும் என்பதை மிக்சரில் நிற்பவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மனைவியின் குரல் கேட்டும் சொல் விளங்காததற்கும் இதே காரணம் இருக்கலாம். பெரும் சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4,000 ஹேர்ட்ஸ் பக்கத்தில், அதாவது மேல் சுரங்களில், தொடங்கும். அப்போது உயிரொலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். ச, த, ட போன்ற மெய்யொலிகளின் கூர்மை முதலில் போகும். அக்கரைப்பற்றுப் பையனுக்குக் குத்தியது உங்களுக்கு அளவாகக் கேட்டதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் இது என் ஊகம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டிக் கேட்டல் சோதனை செய்தால்தான் உறுதியாகும். காதுக்குள் அழுக்கு அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும். நிகழ்ச்சிக்கு மறுநாள் போகாதீர்கள், சோதனை பிழையாகக் காட்டும். ஒரு காது திடீரென்று அடைத்துக் கேட்காமல் போனால் மட்டும் நாள் பார்க்காமல் அன்றைக்கே போங்கள்.

ரேடியோவை நிறுத்த வேண்டாம். மெல்லிய ஒலி பின்னணியில் இருப்பது நல்லது. எடுத்தெறிய வேண்டியது பஞ்சைத்தான். அது மேடைச் சத்தத்தை மிகக் கொஞ்சமே தடுக்கும். வீட்டிலோ வெளி ஒலியை மறைத்து, உள்ளே இருப்பதைத் தூக்கிக் காட்டும். தினமும் கீச்சொலி போட்டுப் பார்ப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். ஆபத்து என்று மூளை குறித்துக்கொண்ட ஒலியை அது விடாமல் காவல் காக்கும். நீங்கள் சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் குறிப்பைப் புதுப்பிக்கிறீர்கள். இரைச்சலை அடியோடு நிறுத்தும் மாத்திரை இதுவரை இல்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பணத்தை வீணாக்காதீர்கள். அதோடு வரும் பயத்தையும் உறக்கமின்மையையும் குறைப்பதற்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பயம் தணிந்தால், இரைச்சல் இருந்தபடியே இருந்தாலும் நாளின் பெரும்பகுதி அது உங்கள் கவனத்துக்கு வராது.

உங்கள் பயம் வருமானத்தைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை. ட்ரம்ஸ் இருந்தால் பாதிக் கூலிக்குப் போகிறவர் நீங்கள். லிகிதரும் ட்ரம்ஸ் தம்பியும் உங்களைத் தங்களில் ஒருவராக வைத்திருப்பது உங்கள் காதுக்காக மட்டும்தான் என்று உங்களுக்குள் ஒரு கணக்கு ஓடுகிறது. பாடகர் அடியை மறந்தால் கீபோர்ட்காரர் காப்பாற்றுவதை ரசித்து எழுதியவருக்கு, தன்னையும் ஒருவர் அப்படிக் காப்பாற்றலாம் என்று ஏன் தோன்றவில்லை? அந்தப் பையன் இறங்கி வந்து சொன்னது அதற்காகத்தானே.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். இதை நீங்கள் உங்கள் மானப் பிரச்சினையாக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் முன்வரிசையில், ஸ்பீக்கர் பெட்டிகளின் காலடியில், மணலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? சின்னப் பிள்ளைகள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அதில் பாதி நேரம்தான் தாங்கும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம். இசை அரங்குகளில் எந்தக் கால் மணி நேரத்தின் சராசரியும் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022 இல் அளவு வைத்தது. உங்களுக்குக் கேட்காத மேல் சுரத்தை நீங்கள் ஏற்றிக்கொண்டே போனால், அது அந்தப் பிள்ளைகளின் காதில்தான் போய் இறங்கும். ஆகவே அடுத்த நிகழ்ச்சிக்கு முன்பு குழுவில் ஒருவருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கீபோர்ட் பையனே பொருத்தம். “தம்பி, மேல் சத்தத்தை நீ ஒருமுறை கேட்டுச் சொல்” என்றால் போதும். கைத்தொலைபேசியை, ஒலியின் மேல், கீழ் சுரங்களைக் கோடுகளாகக் காட்டும் செயலிக்குப் பயன்படுத்துங்கள். காது தவறவிட்டதைக் கண் பிடிக்கும்.

இசைக்கலைஞர்களுக்கென்றே செய்யப்படும் காதடைப்பான்கள் இருக்கின்றன. அவை எல்லாச் சுரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைப்பதால் சமநிலை கெடாது. கோல்ட்பிளே குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் தனக்குக் காதிரைச்சல் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லி, காதுக்குப் பாதுகாப்பு அணிந்துகொண்டு பாடி வருகிறார். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லி ஒரு சோடி எடுப்பித்துக்கொள்ளுங்கள். பேசும்போது கழற்றிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் மனைவி இருக்கிறார். அவருடைய மனக்குறை உங்கள் காதைப் பற்றியது இல்லை, தன்னை ஒதுக்குகிறீர்கள் என்பதுதான். ரேடியோ ஏன் ஓடுகிறது என்பதை இன்றிரவே சொல்லுங்கள். மேடைக்கதை, தொழில் வரலாறு ஒன்றும் வேண்டாம்: “எனக்குக் காது இரைகிறது, பயமாக இருக்கிறது, அதனால்தான் உன்னிடம் சொல்லவில்லை.” குசினியில் இருந்து கூப்பிடாமல் முகத்துக்கு நேரே வந்து பேசச் சொல்லிக் கேளுங்கள், உதட்டைப் பார்த்தால் பாதி விளங்கும். அவர் கோபப்பட்டால் கொஞ்ச நேரம் கோபப்பட விடுங்கள், இத்தனை மாதம் மறைத்ததற்கு அவருக்கு அந்த உரிமை உண்டு. வைத்தியசாலைக்கும் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்.

கட்டார் விடயத்தில், போகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். பாதுகாப்போடு வேலை செய்து பார்த்த பிறகும் கேட்டல் குறைந்துகொண்டே போனால், சத்தம் குறைந்த வேலையைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை முடிவைக் காணாமல், ஒரு பையன் சொன்ன ஒரு வசனத்துக்குப் பயந்து விமானம் ஏறினால், அங்கேயும் ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் படுப்பீர்கள். முடிவு கையில் கிடைத்ததும் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை மைத்துனரிடம், யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.