கிரீடத்தைப் பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்

கேள்வி: நான் சேலத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன மாதம் ஓர் அழகிப் போட்டியில் முதல் பரிசு வாங்கினாள். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. ‘த்ரிஷாவும் சேலம் அழகிப் பட்டம் வாங்கித்தானே சினிமாவுக்குப் போனார்’ என்கிறாள். படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போவதாக அடம்பிடிக்கிறாள். போட்டியில் அறிமுகமான ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் போட்டோ ஆல்பம் எடுத்துக் கதாநாயகி வாய்ப்பும் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டுமாம். அவள் அப்பா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். நான் அந்தக் கிரீடத்தைப் பீரோவில் என் பட்டுப்புடவைக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டேன். நான் செய்தது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

வெள்ளிக்கிழமைக் கெடு இருப்பதால் பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். சினிமாவில் நடிப்பவருக்குத்தான் சம்பளம் தருவார்கள். நடிக்க வருபவரிடம் காசு கேட்கிறவர் படம் எடுக்கிறவராக இருக்க முடியாது. கெடு வைப்பதே உங்களை யோசிக்க விடாமல் செய்வதற்குத்தான். முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால் ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். புகைப்படம் வேண்டுமென்றால் உங்கள் ஊர் ஸ்டூடியோவில் நல்ல வெளிச்சத்தில் நாலைந்து எடுத்தால் போதும்.

இனி, உங்கள் மகள் எடுத்துக்காட்டும் த்ரிஷாவுக்கு வருகிறேன். அவள் சொல்வது பொய்யில்லை. 1999-ல் ‘மிஸ் சேலம்’ பட்டம் வாங்கியவர்தான் அவர். அதே ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி ‘மிஸ் சென்னை’ ஆனார். அப்போது வயது 16. ஆனால் மகள் பட்டத்தை மட்டும் சொல்லியிருக்கிறாள், அதற்குப் பிறகு வரும் தேதிகளைச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிரச்சினைக்கு விடை அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது.

மகுடம் சூடிய அதே 1999-ல் ‘ஜோடி’ படத்தில் சிம்ரனின் தோழிகளில் ஒருவராக வந்து போனார். பெயர்கூடப் போடவில்லை. விளம்பரங்களில் நடித்தார். 2000-ல் ஃபால்குனி பாதக் பாடிய இந்திப் பாட்டு வீடியோ ஒன்றில் தோன்றினார். 2001-ல் மிஸ் இந்தியா போட்டிக்குப் போனார். அங்கே மகுடம் கிடைக்கவில்லை, ‘அழகிய புன்னகை’ என்ற துணைப் பட்டத்தோடு திரும்பினார். கதாநாயகியாக முதலில் ஒப்பந்தமான படம் ப்ரியதர்ஷனின் ‘லேசா லேசா’. அது 2003-ல்தான் வெளியானது. அதை முந்திக்கொண்டு 2002 டிசம்பரில் அமீர் இயக்கத்தில் ‘மௌனம் பேசியதே’ வந்தது. அப்போது அவருக்கு வயது 19, ஏறத்தாழ உங்கள் மகளின் வயது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மகுடத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே மூன்று ஆண்டுகளுக்கு மேல். ஒரு பட்டப்படிப்பை முடிக்கும் காலம் அது! அதில் பாதியை உங்கள் மகள் ஏற்கெனவே கடந்துவிட்டாள். மீதியை முடித்துவிட்டு வந்தால் அவளுக்கு ஒன்றும் வயதாகிவிடப் போவதில்லை. ‘இப்போதே போகாவிட்டால் வாய்ப்புப் போய்விடும்’ என்று அவள் காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள். சென்னையிலேயே பிறந்து, சர்ச் பார்க்கிலும் எத்திராஜிலும் படித்த, சொந்த வீடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பெண்ணுக்கே அவ்வளவு காலம் பிடித்தது. வாடகை அறையில் தங்கிக் காத்திருக்கப் போகும் பெண்ணுக்குக் கையில் ஒரு பட்டம் இருந்தால் எவ்வளவு தைரியம்!

அதன்பிறகு வளர்ச்சி வேகமாகவே இருந்தது. 2003-ல் ‘சாமி’, 2004-ல் ‘கில்லி’. தெலுங்கில் அதே 2004-ல் ‘வர்ஷம்’, அடுத்த ஆண்டு பிரபுதேவா முதன்முதலாக இயக்கிய படம். தெலுங்குக்காக மட்டும் மூன்று முறை பிலிம்பேர் விருது வாங்கினார். ‘கில்லி’யை இருபது ஆண்டு கழித்து 2024-ல் மறுபடி திரையிட்டபோது, அது முதலில் வந்தபோது பிறந்தேயிராத பிள்ளைகள் தியேட்டரில் எழுந்து நின்று ஆடினார்கள். உங்கள் மகளும் போயிருப்பாள்.

நான் அவளுக்குச் சொல்ல விரும்புவது இந்த வெற்றிகளைப் பற்றியல்ல. 2010-ல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ ஜெஸ்ஸியாக ஊரையே கிறங்கடித்தவர் அவர். அதே ஆண்டு நடித்த ஓர் இந்திப் படத்தோடு அந்தப் பக்கம் நின்றுபோனது. அடுத்த சில ஆண்டுகளில் பேர் சொல்லும் வேடங்கள் குறைந்தன. நாயகிக்கு முப்பது வயது நெருங்கினால் ‘இனி அவ்வளவுதான்’ என்று எழுதிவிடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அவரையும் அப்படி எழுதினார்கள். எனக்கு இன்றும் கோபம் வரும் விஷயம் அது. அவர் விலகிப் போய்விடவில்லை. 2016-ல் ‘கொடி’யில், பதவிக்காகக் காதலனையே பலி கொடுக்கும் அரசியல்வாதியாக நடித்தார். அழகிப் பட்டத்தோடு வந்தவர்கள் சுலபத்தில் தொடத் துணியாத வேடம்.

2018-ல், 35 வயதில், ‘96’ வந்தது. மகளையும் பக்கத்தில் உட்கார வைத்து அந்த ஒரு காட்சியை மட்டும் பாருங்கள். இரவு. பள்ளிக் காதலன் ராமின் வீடு. மின்சாரம் போய்விடுகிறது. பள்ளிக்கூட நாளிலிருந்து ராம் கேட்டுக் கேட்டும் பாடாமல் தட்டிக்கழித்த ‘யமுனை ஆற்றிலே’யை, அந்த இருட்டில் ஜானுவாக வரும் த்ரிஷா தானாகப் பாட ஆரம்பிக்கிறார். ராம் விளக்கைத் தேடித் தடுமாறுகிறார். நான் தியேட்டரில் பார்த்தபோது அரங்கில் ஒரு சத்தம் இல்லை. அங்கே ஒலிப்பது சின்மயியின் குரல். முகத்தையே சரியாகக் காட்டாத இருட்டு. அழகி என்று ஊர் பட்டம் கொடுத்த முகத்துக்கு அந்த இடத்தில் வேலையே இல்லை. அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தில் இருபத்திரண்டு ஆண்டு ஏக்கம் தெரிகிறது. எந்தப் போட்டி மேடையிலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. இப்படி ஓர் இருட்டில் உட்கார அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று மகளிடம் கேளுங்கள்.

இன்னொரு தேதியும் சொல்கிறேன். குந்தவையாக அவர் நடித்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வெளியானது 2022 செப்டம்பர் 30. மிஸ் சென்னை ஆன அதே நாள், நடுவில் 23 ஆண்டுகள். எனக்குச் சிலிர்த்தது.

ஆசை இருக்கிறது என்று அவள் சொன்னால் குறுக்கே நிற்காதீர்கள். கல்லூரியில் நாடகக் குழு இருந்தால் சேரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அவளே நாலு தோழிகளோடு ஆரம்பிக்கட்டும். ‘96’-ல் ராமாக நடித்த விஜய் சேதுபதி, கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டே அங்கே நடிப்பவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். தமிழ் உச்சரிப்பும், நாலு பேர் முன் கூச்சமில்லாமல் அழவும் சிரிக்கவும் முடிவதும் சேலத்திலேயே பழகக்கூடியவை. அதற்குச் சென்னை வேண்டாம்.

உங்கள் பயம் வேறு ஒன்று என்பதும் புரிகிறது. நீங்கள் எழுதவில்லை, அவள் அப்பாவின் மௌனம் சொல்கிறது. அந்தப் பயம் வீணானதென்று நான் பூசி மெழுக மாட்டேன். கேரளத் திரையுலகில் பெண்கள் படும் பாட்டை 2024 ஆகஸ்டில் வெளிவந்த ஹேமா குழு அறிக்கை எல்லோருக்கும் காட்டியது. அதனால் சில விதிகளை இப்போதே மூவரும் சேர்ந்து வகுத்துக்கொள்ளுங்கள். நடிப்புத் தேர்வு என்றால் பகலில், அலுவலகத்தில் மட்டும். ஓட்டல் அறைக்கு அழைத்தால் போகக் கூடாது. வரச் சொன்னவர் பெயரைத் தயாரிப்பு நிறுவனத்துக்கே போன் செய்து சரிபார்க்க வேண்டும். ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. உடன் ஒருவர் போக வேண்டும். த்ரிஷாவுக்கு அவர் அம்மா உமா பக்கபலமாக நின்றதைத் திரையுலகம் அறியும். அந்த இடம் உங்களுக்கு வாய்த்திருக்கிறது. கிரீடத்தை ஒளித்துக்கொண்டே அதில் நிற்க முடியாது.

நீங்கள் செய்தது சரியா என்று கேட்டீர்கள். சரியில்லை, சகோதரி. அது கண்ணாடிக் கல் பதித்த கிரீடமாகவே இருக்கட்டும், மேடையில் ஏறி அவள் வாங்கி வந்தது. நீங்கள் அதை ஒளித்த பிறகுதான் அந்த ஒன்றரை லட்சக்காரரின் பேச்சு அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை மாலை அவள் கல்லூரியிலிருந்து வரும்போது அது கூடத்தில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் இருக்கட்டும். சாப்பிட்ட பிறகு, பிடித்த ஏதாவது ஒரு காட்சியை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். அவள் அப்பாவையும் உட்கார வையுங்கள். அவர் ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து போகாமல் பார்த்தால் போதும்.