கணினி கேள்வி–பதில்: ஜூன் 15-க்குப் பிறகு நின்றுபோன ஸ்கிரிப்ட்

இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே விஷயத்தைத் தொட்டன. ஒரு மொழியில் எழுதிய புரோகிராமிலிருந்து வேறொரு மொழியில் எழுதிய ஸ்கிரிப்டை எப்படி ஓட்டுவது, ஓட்டினால் ஏன் மக்கர் பண்ணுகிறது என்பதுதான் அது. அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அக்கா, எங்கள் மீன் கம்பெனியில் பில் போடும் புரோகிராம் ஜாவாவில் எழுதியது, மாமா காலத்திலிருந்து ஓடுகிறது. படகு வாரியாக எடையைக் கூட்டிக் கணக்கு எடுக்க நான் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, ஜாவாவிலிருந்து அதைக் கூப்பிடும்படி செய்தேன். மே மாதம் முழுக்க நன்றாக ஓடியது. ஜூன் 15-க்குப் பிறகு பாதியில் அப்படியே நின்றுவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை. ஸ்கிரிப்டைத் தனியாக ஓட்டினால் ஓடுகிறது. நிரலை இணைத்திருக்கிறேன். சங்காயப் பெட்டிகளுக்கு (கழிவு மீன்) எடை போடாமல் விட்டுவிடுகிறார்கள். மாமா, “எல்லாவற்றையும் ஜாவாவிலேயே எழுதிவிடு” என்கிறார். எழுதிவிடவா? – வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தேதியைக் குறிப்பிட்டு எழுதினீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகும் வல்லமும் கொண்டுவரும் மீன்தான் உங்கள் தராசுக்கு வரும். நீங்கள் ஸ்கிரிப்டை எழுதிச் சோதித்தது அந்தச் சின்னக் கணக்கை வைத்து. விசைப்படகுகள் கரைக்கு வர ஆரம்பித்ததும் வரிகள் பெருகின. ஸ்கிரிப்ட் நின்றது.

ஏன் நின்றது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். ஜாவா ஒரு பைத்தான் ஸ்கிரிப்டைத் தொடங்கும்போது இரண்டுக்கும் நடுவே மூன்று பைப்புகள் உருவாகின்றன. ஒன்றில் ஜாவா தகவலை உள்ளே அனுப்பலாம். இன்னொன்றில் ஸ்கிரிப்டின் விடை வெளியே வரும். மூன்றாவதில் பிழைகளும் எச்சரிக்கைகளும் வரும். ஒவ்வொரு பைப்புக்கும் கொள்ளளவு உண்டு. லினக்ஸில் வழக்கமாக 64 கேபி, விண்டோஸில் அதைவிடக் குறைவு. அது நிரம்பிவிட்டால், மறுமுனையில் யாராவது படித்து இடம் உண்டாக்கும் வரை எழுதுகிற புரோகிராமை இயங்குதளம் நிறுத்தி வைத்துவிடும்.

நீங்கள் அனுப்பிய நிரலில் ஜாவா முதலில் விடை வரும் பைப்பைக் கடைசி வரை படிக்கிறது. அது முடிந்த பிறகுதான் பிழைப் பைப்பின் பக்கம் திரும்புகிறது. ஆனால் உங்கள் ஸ்கிரிப்ட், எடை எழுதாத ஒவ்வொரு பெட்டிக்கும் “எடை இல்லை” என்று படகின் பெயரோடு ஒரு எச்சரிக்கையைப் பிழைப் பைப்பில் போடுகிறது. சங்காயப் பெட்டிகளுக்கு எடை போடாமல் விட்டுவிடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மே மாதத்தில் அந்த எச்சரிக்கைகள் பைப்புக்குள் அடங்கின. ஜூனில் அடங்கவில்லை. பிழைப் பைப்பை யாராவது படிக்கட்டும் என்று பைத்தான் காத்திருக்கிறது. பைத்தான் விடையை முடிக்கட்டும் என்று ஜாவா காத்திருக்கிறது. இரண்டின் பார்வையிலும் தவறு எதுவும் நடக்கவில்லை, அதனால்தான் பிழைச் செய்தியும் இல்லை. அடுத்த முறை நிற்கும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பைத்தான் அங்கே உயிரோடு இருக்கும், சிபியு பயன்பாடு 0 என்று காட்டும். தனியாக ஓட்டும்போது எச்சரிக்கைகள் நேராகத் திரைக்குப் போய்விடுகின்றன. அங்கே நிரம்ப எதுவும் இல்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த எல்லை சீக்கிரமே வந்துவிடும். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 1 பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். “பாம்பன்” என்ற சொல்லில் ப, கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என்று 7 குறிகள், மொத்தம் 21 பைட். ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் 6 பைட்டில் முடிந்துவிடும். அதற்காக எச்சரிக்கைகளை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கணக்குப்பிள்ளை படித்துப் புரிந்துகொள்வது தமிழில்தானே.

சரி, என்ன செய்யலாம்? விடைப் பைப்பையும் பிழைப் பைப்பையும் ஒன்றாக்கிவிடும் வசதி, வேறு புரோகிராமைத் தொடங்க உதவும் ஜாவாவின் புராசஸ்பில்டரில் இருக்கிறது. பலரும் அதைத்தான் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்பேன், எச்சரிக்கை வரிகள் கணக்கு வரிகளோடு கலந்துவிடும். விடையை ஒரு ஃபைலுக்கும் எச்சரிக்கைகளை இன்னொரு ஃபைலுக்கும் திருப்பிவிடுங்கள். ஜாவா 7 முதல் இதற்கு வழி இருக்கிறது. ஃபைல் பைப்பைப் போல நிரம்பி நிற்காது. அப்புறம், ஸ்கிரிப்ட் முடியும் வரை ஒரு கால வரம்போடு காத்திருங்கள், இது ஜாவா 8 முதல் உண்டு. வரம்பு தாண்டினால் ஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுத் திரையில் தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்துவிட்டால் எக்ஸிட் கோடை, அதாவது ஸ்கிரிப்ட் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணைப் பாருங்கள். 0 என்றால் மட்டும் விடை ஃபைலைத் திறங்கள். பைத்தானில் கையாளாத பிழை வந்தால் அந்த எண் 1 ஆகிவிடும், ஃபைலில் பாதிக் கணக்கு எழுதிக் கிடக்கலாம். அந்தப் பாதியை எடுத்து பில் போட்டுவிடக் கூடாது. இந்தக் கணக்கை வைத்துத்தான் கடலுக்குப் போய் வந்தவர்களுக்குப் பங்கு பிரிப்பார்கள். ஒரு வரி விடுபட்டால் ஒரு வீட்டுக்கு வரவேண்டிய பணம் குறையும். தப்பான கணக்கைக் காட்டுவதைவிட, கணக்கு வரவில்லை என்று சொல்வது எவ்வளவோ மேல்.

மாமா சொல்கிறபடி எல்லாவற்றையும் திருப்பி எழுத வேண்டாம். பில் போடுவதை ஜாவா ஒழுங்காகச் செய்கிறது. எடையைக் கூட்டிப் பிரிப்பது பைத்தானில் சில வரிகளில் முடிகிறது. தனித்தனிப் புரோகிராம்களைப் பைப்பால் இணைக்கும் யோசனையை டக் மெக்கில்ராய் வலியுறுத்த, 1973-இல் கென் தாம்சன் அதை யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் சேர்த்தார். இன்றைக்கும் அது தேய்ந்துபோகாத வழி. உங்கள் இரண்டு புரோகிராம்களிலும் குறையில்லை, குறை அவை சந்திக்கும் இடத்தில் இருந்தது. அதை மட்டும் சரிசெய்யுங்கள்.

கேள்வி: சி ஷார்ப்பில் எழுதிய புரோகிராமிலிருந்து பைத்தான் ஸ்கிரிப்டை ஓட்டுகிறேன். தனியாக ஓட்டினால் படகுப் பெயர்கள் தமிழில் அழகாகத் தெரிகின்றன. சி ஷார்ப்பிலிருந்து ஓட்டினால் ‘சார்மேப்’ என்று ஏதோ பிழை. விண்டோஸ் கணினி. – வாசகர், ஏர்வாடி

பதில்: பைத்தான் 3.6 முதல், விண்டோஸ் கன்சோலுக்கு (கட்டளை தட்டும் திரை) எழுதும்போது யூனிகோடாகவே எழுதும். அதனால் தனியாக ஓட்டும்போது தமிழ் தெரிகிறது. ஆனால் வெளியே இருப்பது கன்சோல் இல்லை, ஒரு பைப் என்று தெரிந்தால் கணினியின் பழைய எழுத்துப் பட்டியலுக்குப் போய்விடும். பெரும்பாலான கணினிகளில் அது 1252 என்ற மேற்கு ஐரோப்பியப் பட்டியல். அதில் தமிழ் இல்லவே இல்லை. இல்லாத எழுத்தை எழுத முடியவில்லை என்பதுதான் அந்தப் பிழை.

பைத்தான் 3.7 முதல் யுடிஎஃப்-8 பயன்முறை ஒன்று இருக்கிறது. ஸ்கிரிப்டைத் தொடங்கும்போது அதற்கான சூழல் மாறியில் (புரோகிராம் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் அமைப்பு) 1 என்று வைத்துவிடுங்கள். இது பாதி வேலைதான். வருவது யுடிஎஃப்-8 என்று சி ஷார்ப்புக்கும் சொல்ல வேண்டும், புராசஸைத் தொடங்கும் அமைப்புகளில் வெளியீட்டு என்கோடிங் (எழுத்துக் குறியாக்கம்) என்றே ஒரு பண்பு இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிழை போய், பெயர்களுக்குப் பதில் கிறுக்கல் வரும். ஜாவாக்காரர்களும் கவனியுங்கள். 2022-இல் வந்த ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8தான் இயல்பு என்றாலும், படிக்கும் இடத்தில் என்கோடிங்கை வெளிப்படையாக எழுதிவிடுவது நல்லது. கம்பெனிக் கணினிகளில் எந்தப் பதிப்பு கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: பிஎச்பி-யில் எழுதிய வலைப்பக்கத்தில் வாடிக்கையாளர் தட்டும் பெயரைச் சேர்த்து ஒரு கட்டளை வரியாக்கி, பைத்தானை ஓட்டுகிறேன். நண்பர் ஆபத்து என்கிறார். உண்மையா? – வாசகர், கீழக்கரை

பதில்: உண்மை, இன்றைக்கே மாற்றுங்கள். கட்டளை வரியை முதலில் படிப்பது ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம். பெயருக்கான இடத்தில் ஒருவர் அரைப்புள்ளி போட்டு அதன் பின்னால் வேறொரு கட்டளையைத் தட்டினால், லினக்ஸ் சர்வரில் ஷெல் அதையும் ஓட்டிவிடும். ஃபைல்களை அழிக்கும் கட்டளையாகவும் அது இருக்கலாம். உங்களிடம் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன, அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை.

தட்டியதை மேற்கோளுக்குள் பத்திரமாக அடைக்கும் ஃபங்ஷன் பிஎச்பி-யில் உண்டு. ஆனால் சர்வரின் மொழி அமைப்பு சரியாக இல்லையென்றால் அது தமிழ் எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பெயர் வெறுமையாகப் போய்ச் சேரும். பிஎச்பி 7.4 முதல் வேறு புரோகிராமைத் தொடங்கும் புராக் ஓப்பன் ஃபங்ஷனுக்குக் கட்டளையை ஒரே வரியாகக் கொடுக்காமல் அரே-ஆக (துண்டுகளின் பட்டியலாக) கொடுக்கலாம். அப்போது நடுவில் ஷெல்லே வராது. பெயரை அந்த அரேயில்கூட வைக்காமல் உள்ளீட்டுப் பைப் வழியாக ஜேசான் என்ற தரவு வடிவில் அனுப்புவது இன்னும் நல்லது.

கேள்வி: அக்கா, தனிப் புரோகிராமாக ஓட்டாமல் ஜாவாவுக்குள்ளேயே பைத்தானை ஓட்ட முடியாதா? – கல்லூரி மாணவர், ராமநாதபுரம்

பதில்: முடியும் தம்பி. ஆனால் எதில் இறங்குகிறோம் என்று பார்த்து இறங்கு. ஜாவாவுக்குள் பைத்தானை ஓட்டும் ஜைத்தான் என்று ஒன்று இருக்கிறது, அதன் வெளியீடுகள் பைத்தான் 2.7-உடன் நின்றுவிட்டன. அந்தப் பதிப்புக்கே 2020 ஜனவரி 1-உடன் ஆதரவு முடிந்தது. நம்பை, பாண்டாஸ் போன்ற பைத்தான் கணக்கு நூலகங்கள் எதுவும் அதில் ஓடாது. அதே வேலைக்கான கிரால்பை புதியது, பைத்தான் 3-ஐ ஓட்டும். பழகிப் பார்க்கலாம். ஜாவாவோடு சேர்ந்து வந்த ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின் நாஷார்ன், ஜாவா 8-இல் வந்து ஜாவா 15-இல் எடுக்கப்பட்டுவிட்டது. அதை நம்பி எழுதியவர்கள் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. உள்ளே வைத்து ஓட்டுவதற்கென்றே வளர்ந்த மொழி வேண்டுமென்றால் லுவாவைப் படி. 1993-இல் பிரேசிலில், ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. சி புரோகிராமுக்குள் இலகுவாகப் பொருந்தும்.

கேள்வி: நண்டுப் பெட்டி தராசில் ஏறும் ஒவ்வொரு தடவையும் ஜாவா பைத்தானைக் கூப்பிடுகிறது. பெட்டிக்குப் பெட்டி தாமதம். ஆட்கள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். – வாசகர், மண்டபம்

பதில்: ஒவ்வொரு முறையும் பைத்தான் புதிதாகத் தொடங்கி, பாண்டாஸை ஏற்றி, ஒரே ஒரு எடையைக் கணக்கிட்டுவிட்டு முடிந்துபோகிறது. நேரம் போவது தொடங்குவதிலும் ஏற்றுவதிலும்தான். காலையில் ஒரு முறை தொடங்கி, ஏலம் முடியும் வரை அதை விட்டுவையுங்கள். பெட்டிக்கு ஒரு வரி ஜேசானை ஜாவா அனுப்பட்டும், பைத்தான் ஒரு வரியில் பதில் சொல்லட்டும்.

அப்படிச் செய்த உடனே “பதிலே வரவில்லை” என்று எனக்கு எழுதுவீர்கள், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பைப்பில் எழுதும்போது பைத்தான் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பாது, சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்பும். பிரிண்ட் செய்யும் இடத்தில் ஃபிளஷ் என்பதை ட்ரூ ஆக்குங்கள், அல்லது பைத்தானைத் தொடங்கும்போதே பஃபர் வேண்டாம் என்ற விருப்பத்தைக் கொடுங்கள். ஜாவா பக்கமும் வரியை எழுதியதும் ஃபிளஷ் செய்ய வேண்டும். இந்த ஸ்கிரிப்டின் எச்சரிக்கைகளையும் ஃபைலுக்கே திருப்புங்கள், இல்லையென்றால் சில மணி நேரம் கழித்துத் தங்கச்சிமடத்துக்கு வந்த அதே பிரச்சினை உங்களுக்கும் வரும்.