துருவ ஒளி: எப்போது போவது, எங்கே நிற்பது?

கேள்வி: டிசம்பரில் இரவு நீளம். அப்போது நார்வே போனால் துருவ ஒளி கட்டாயம் தெரியும் அல்லவா, ஐயா?

பதில்: இருட்டு மட்டும் போதாது. வட நார்வேயின் டிரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுவரை சூரியன் எழுவதே இல்லை. ஆனால் அது கடலோர ஊர். மேகம் கவிந்தால் லேசில் விலகாது. ஒளி ஆடுவது 100 கிலோமீட்டருக்கு மேலே, மேகம் நிற்பது நம் தலைக்கு மேலே! என்னைக் கேட்டால் மார்ச் என்பேன். சம இரவு நாளையொட்டிய வாரங்களில் சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டம்) காந்தப்புலம் பூமியின் காந்தப்புலத்தோடு எளிதில் இணைவதால் ஒளியும் வலுக்கும். செப்டம்பர் கடைசியும் நல்லதே. மே முதல் ஜூலை வரை போகவே வேண்டாம், இரவு இருட்டாது.

கேள்வி: டிரோம்சோவா, அபிஸ்கோவா?

பதில்: தயங்காமல் அபிஸ்கோ. சுவீடனின் வடகோடியில் உள்ள சிற்றூர். மேற்கே நார்வே மலைகள் அட்லாண்டிக் ஈரத்தைப் பிழிந்துவிடுவதால் இங்கே மழையும் பனியும் குறைவு. சுற்றிலும் மூடியிருக்கும்போதுகூட டோர்னெட்ரெஸ்க் ஏரிக்கு மேலே வானம் திறந்திருப்பதுண்டு. ஸ்டாக்ஹோமிலிருந்து இரவு ரயில் போகிறது. டிரோம்சோவில்தான் தங்குவீர்கள் என்றால், உள்நாட்டுப் பக்கம் ஷிபோட்ன் வரை வண்டியில் போகத் தயாராக இருங்கள்.

கேள்வி: படங்களில் தெரியும் பச்சை கண்ணுக்குத் தெரியுமா, அண்ணா?

பதில்: மங்கலான ஒளியில் நம் கண் நிறம் பிரிக்காது. ஒருநாள் அந்த ஏரியின் உறைந்த பரப்பில் நின்றேன். மலைக்கு மேலே சாம்பல் பூசியதுபோல ஒரு கீற்று. மேகம் என்றே நினைத்தேன். அதனூடே நட்சத்திரங்கள் தெரிந்தன. கைப்பேசியில் எடுத்தால் பச்சை! கால் மணி நேரத்தில் அது எழுந்து, மடிப்பு மடிப்பாகத் திரைச்சீலை போல அலைந்தது. கீழ் விளிம்பில் இளஞ்சிவப்பு ஓடியது. காலடியில் இருந்த பனியே பச்சையாகிவிட்டது. அப்போது கேமரா தேவைப்படவில்லை. பச்சை ஆக்சிஜன் தருவது. அடி விளிம்பின் சிவப்பு நைட்ரஜன் தருவது.

கேள்வி: செயலியில் கேபி எண் 2 என்று காட்டினால் வெளியே போவது வீணா?

பதில்: போங்கள்! பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை அளப்பது அந்த எண். வட துருவப் பகுதியைச் சுற்றி அமையும் ஒளி வளையம் தெற்கே எவ்வளவு பரவும் என்பதைத்தான் முக்கியமாகச் சொல்கிறது. டிரோம்சோவும் அபிஸ்கோவும் வளையத்துக்கு நேர் கீழேயே இருக்கின்றன. 2 என்று பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம். முதலில் மேக வரைபடத்தைப் பாருங்கள்.

கேள்வி: 2024 மே மாதம் லடாக்கிலேயே தெரிந்ததே, அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?

பதில்: லடாக்கின் ஹான்லேயில் பதிவானது உண்மை. அது மிகக் கடுமையான காந்தப் புயல். அங்கிருந்து தெரிந்தது ஒளியின் உச்சியில் உள்ள சிவப்பு மட்டும், அதுவும் தொடுவானத்தையொட்டி. அதை நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள்.

கேள்வி: எத்தனை இரவு தங்குவது?

பதில்: குறைந்தது நான்கு. இரவு ஒன்பது முதல் ஒரு மணி வரை விழித்திருங்கள். கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென இறங்கிவிடும். வெளியே வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இருபது நிமிடம் பொறுங்கள், கண் பழகட்டும்.