ஊர்ப் பாசத்தைத் தேடி ஊருக்கே போய்விடலாமா?

கேள்வி: சிறிய ஊர்களில் இருக்கும் பாசமும் பழக்கமும் சென்னைப் புறநகரில் ஏன் இல்லை? எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா?

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எனக்கு முன்னால் எழுதியவர்களில் பாதிப் பேர் "வெள்ளந்தி மனிதர்கள்" என்று ஆரம்பித்திருப்பதைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை.

நான் கீழக்கரைக்காரன். ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கடலைப் பார்த்துப் போனால் ஏர்வாடிக்கு முன்னால் வரும் ஊர். முத்தும் சங்கும் எடுத்து, கடல் தாண்டி வியாபாரம் செய்து வளர்ந்த ஊர். செத்தும் கொடுத்தான் என்று பெயர் வாங்கிய சீதக்காதி அடங்கியிருப்பது இங்கேதான். கொடுப்பதற்கு முன்னால் அவர் கப்பல் விட்டுச் சம்பாதித்தவர் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊர் ஆட்களிடம் போய் "நீங்கள் வெள்ளந்தி" என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிட்டு உங்களிடமே ஏதாவது விற்றுவிடுவார்கள்.

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தை வைத்து ஒரு ஊகம். ஜிஎஸ்டி சாலையை ஒட்டி எங்கேயோ கடனில் வாங்கிய ஃபிளாட். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் அவர் கதவில் மாட்டிய பலகையிலிருந்துதான் தெரியும். போன மாதம் ஏதோ விசேஷத்துக்கு ஊருக்குப் போன இடத்தில் ஒரு பெரியவர் "எப்பய்யா வந்தீக" என்று கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. தப்பாக இருந்தால் திருத்துங்கள். நானும் ஊரப்பாக்கத்தில்தான் இருக்கிறேன்.

அப்பா கீழக்கரையில் தையல் கடை வைத்திருந்தார். கடை என்றால் இரண்டு மிஷின், ஒரு பெஞ்சு. துணி தைக்கக் கொடுத்தவர்களைவிட பெஞ்சில் உட்கார வந்தவர்கள்தான் அதிகம். பேப்பர் படிக்க, டீ குடிக்க, கொழும்புக்குப் போனவர் எப்போது திரும்புகிறார் என்று விசாரிக்க. பெருநாளுக்கு முன்னால் அந்த பெஞ்சில் இடமே கிடைக்காது. சட்டை இன்றைக்கு முடியாது என்று தெரிந்தேதான் வந்து உட்கார்வார்கள். கண் முன்னால் இருந்தால்தான் டைலர் தன் துணியைக் கையில் எடுப்பார் என்பது அவர்கள் கணக்கு. அப்படி உட்கார்ந்தவர்களுக்குள்தான் சம்பந்தம் பேசியது, கடன் கொடுத்தது, பேச்சை முறித்துக்கொண்டது எல்லாம் நடந்தது.

நோன்பு மாதத்தில் அஸர் (பிற்பகல்) தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் போட்டு அடிபிடிக்காமல் கிண்டி இறக்கிய கஞ்சி. எங்கள் வீட்டில் யாருக்கும் நோன்பு கிடையாது, தூக்குவாளி மட்டும் உண்டு. அதை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்பது என் வேலை. கஞ்சி ஊற்றும் காக்கா (எங்கள் ஊர் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என் முகத்தைப் பார்க்க மாட்டார், வாளியைத்தான் பார்ப்பார். மூடி நெளிந்திருந்தால் அது டைலர் வீட்டு வாளி. "ஒரு அகப்பை கூட ஊத்துறேன், பரமக்குடிலேர்ந்து பெரியம்மா வந்திருக்காகள்ல" என்பார். பெரியம்மா அன்று மதியம்தான் வந்து இறங்கியிருப்பார்.

அந்தக் கூடுதல் அகப்பையைத்தான் நீங்கள் பாசம் என்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது வந்தார்கள் என்பது ஊருக்குத் தெரியாமல் அந்த அகப்பை வராது. மீதிக் கதையை என் தங்கச்சியிடம்தான் கேட்க வேண்டும். ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் காலேஜ் போனவள். அவள் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்னால், பக்கத்து சீட்டில் யார் உட்கார்ந்து வந்தார்கள் என்ற செய்தி அப்பாவின் பெஞ்சுக்கு வந்துவிடும். இப்போது சிறுசேரிப் பக்கம் இருக்கிறாள். "இங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்குறதில்லண்ணே, அதுக்கே இந்த வாடகை தகும்" என்கிறாள்.

அங்கே இருப்பவர்கள் நல்லவர்கள், இங்கே இருப்பவர்கள் கெட்டவர்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எங்கள் கடற்கரையில் எதற்கும் கூட்டமாகக் காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நிலத்தடித் தண்ணீர் உப்பு, அதனால் நல்ல தண்ணீர் வண்டி வரும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். மீன் வேண்டுமென்றால் வள்ளம் கரைக்கு வரும்வரை நிற்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடைக்காலம், அப்போது வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு கரையிலேயே இருக்க வேண்டும். பாம்பனில் கேட்டுப் பாருங்கள், வாடைக் காற்று அடித்தால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் அப்படியே தலைகீழ். காற்று மாறும்வரை கரையில் உட்கார்ந்திருப்பவன் பக்கத்தில் இருப்பவனோடு பேசாமல் வேறு என்ன செய்வான்? கரைவலை இழுக்கக் கைகொடுத்தவனுக்குக் கறிக்கு நாலு மீன் அள்ளிக் கொடுப்பார்கள். அதை யாரும் தர்மக் கணக்கில் எழுதுவதில்லை. நாளைக்கும் அந்தக் கை வேண்டும்.

ஊரப்பாக்கத்தில் எனக்கு யார் கையும் வேண்டாம். தண்ணீர் கேன் போன் செய்தால் வருகிறது. மீன் வெட்டிக் கழுவி பாக்கெட்டில் வருகிறது. காத்திருப்பதென்றால் ஜிஎஸ்டி சாலை சிக்னலில்தான், அதுவும் அவரவர் கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

"சாதியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஊரைப் புகழ்கிறான்" என்று யாராவது கீழே எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாவட்டத்தில் எல்லாத் தெருத் திண்ணையிலும் எல்லாரும் உட்கார்ந்துவிட முடியாது. நான் சொல்வது எனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு தெருக்களின் கதை. டைலர் மகன் என்பதால் தைத்த துணியைக் கொடுக்க எல்லா வீட்டு வாசலுக்கும் போக முடிந்தவன் கதை. வேறொருவர் எழுதினால் வேறு மாதிரிதான் இருக்கும். அப்புறம், புறநகருக்கு வக்காலத்து வாங்குகிறான், மனை விற்கிற ஆள் போல என்று வரப்போகிறவர்களுக்கு: ஐயா, என் ஃபிளாட்டையே விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா போன பிறகு அம்மாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிட்டால் பேச ஆள் கிடையாது. எப்படியோ தண்ணீர் லாரி வரும் நேரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டார். லாரி வந்து சம்ப்பில் குழாயைப் போட்டால் தொட்டி நிறைய நேரமாகும். அந்த நேரத்துக்குக் கீழே இறங்கி, செக்யூரிட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொள்வார்.

"நீங்க எந்தப் பக்கம்ணே?"

"சாயல்குடிக்குப் பக்கத்துலம்மா."

எங்கள் மாவட்டத்து ஊர், போதாதா? எந்த மாதத்துக் கருப்பட்டி நன்றாக இருக்கும், மகளை எங்கே கட்டிக் கொடுத்திருக்கிறார், மருமகன் குடிக்கிறானா இல்லையா என்று எல்லாம் வந்துவிட்டது. அப்புறம் லாரி டிரைவர், பூக்காரம்மா, ஏ பிளாக்கில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தெலுங்குப் பாட்டி என்று வரிசையாகச் சேர்ந்தார்கள். அந்தப் பாட்டிக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் முட்டிவலியைக் கையாலேயே பேசிக்கொண்டார்கள். வருஷக்கணக்காக எல்லாரும் "செக்யூரிட்டி" என்று கூப்பிட்ட மனிதருக்கு ஒரு ஊர் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் பிளாக்குக்கே தெரிந்தது.

அடுத்தது கருவாடு. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து, ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுப் பக்கத்தில்தான் இறங்குகிறார்கள். விடிவதற்கு முன்னால் யாராவது ஒரு சொந்தம் பையும் கையுமாக வந்து நிற்கும். பையில் முண்டு மிளகாய், தொதல், கருப்பட்டி, கருவாடு. (ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா நெத்திலிக் கருவாடு வறுத்தார். சட்டியை இறக்குவதற்குள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிட்டது: "சி பிளாக்கில் தாங்க முடியாத வாடை. தயவுசெய்து மற்றவர்களையும் நினைத்துப் பார்க்கவும்." பக்கத்தில் கை கூப்பிய பொம்மை. எழுதியவர் எதிர் வீட்டுக்காரர். அவர் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் நடுவில் ஒரு செருப்பு ஸ்டாண்டு வைக்கத்தான் இடம் இருக்கும்.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வாடை என்று சொன்னதில் அவருக்குக் கோபமே இல்லை. "கதவத் தட்டிச் சொல்லியிருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பேன்ல? இதுக்கு எதுக்குப்பா ஊரக் கூட்டுறாக?" என்றார்.

ஊரில் அம்மாவுக்கும் பின் வீட்டு லாத்தாவுக்கும் (முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சாக்கடைத் தண்ணீர் விஷயத்தில் பல வருஷம் பேச்சு கிடையாது. வாசலில் நின்று தெருவே கேட்கும்படி போட்ட சண்டை. ஆனால் பெருநாளைக்குத் தொதல் வந்துவிடும். அரிசிமாவையும் கருப்பட்டியையும் தேங்காய்ப்பாலில் கரைத்து, மணிக்கணக்கில் கிண்டிக் கிண்டி, கறுத்து எண்ணெய் மினுங்குகிற தொதல். தட்டைக் கொண்டுவருவது அந்த வீட்டுப் பேத்தி. தட்டு வெறுமனே திரும்பக் கூடாது என்பதால் தீபாவளிவரை எங்கள் அலமாரியில் இருந்து, முறுக்கோடு போகும். கொண்டுபோவது நான். லாத்தா தட்டை வாங்கிக்கொண்டு "ஒங்கம்மாவுக்குக் காலு எப்புடி இருக்கு" என்று என்னிடம் கேட்பார். நேரில் பார்த்தால் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எதிர் வீட்டுக்காரர் எங்களோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எந்தத் தட்டும் வந்ததில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்திக்குக் கட்டைவிரல் போட்டவர்களில் ஒருவர் தூத்துக்குடிக்காரர். மறுநாள் லிஃப்டில் கதவு மூடும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "சார், அந்த நெத்திலி எங்க வாங்குறீங்க?" என்றார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. ராமநாதபுரம் என்றதும் "ஓ, தண்ணியில்லாக் காடா" என்பவர்கள் இங்கே ஏராளம். பிடிக்காத அதிகாரியைத் தூக்கிப் போடும் இடம் என்று சினிமாவும் மேடைப் பேச்சும் சேர்ந்து ஊன்றிவிட்ட நக்கல். வைகை வந்து சேர்வதே ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குத்தான். ராஜசிங்கமங்கலம் கண்மாயை "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்பார்கள், நாரையே பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெரிசாம். கண்மாய்களைத் தூர்வாராமல் விட்டு, கரையெல்லாம் சீமைக்கருவேலம் ஏறவிட்டு, ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு வருவதற்குள் மேலேயே தீரவும் விட்டு, கடைசியில் காடு என்று பட்டம் கொடுப்பதா? இதை என்னிடம் சொல்லிச் சிரித்த மனிதர் அப்போது தண்ணீர் லாரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லாரித் தண்ணீரில் குளிக்கிறவர் எங்களைச் சொல்கிறார். சரி, விடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போகலாம். ஆனால் உங்கள் மனதில் இருப்பது நீங்கள் பள்ளிக்கூடம் போன காலத்து ஊர். எங்கள் தெருவில் இன்றைக்குப் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அப்பா கடை இருந்த இடத்தில் இப்போது ரெடிமேட் கடை. உள்ளே போய்ச் சட்டையை எடுத்து, போனில் ஸ்கேன் செய்து காசைக் கட்டிவிட்டு யாரோடும் பேசாமல் வெளியே வந்துவிடலாம். கஞ்சி இன்னும் ஊற்றுகிறார்கள், வரிசைதான் குறைந்துபோனது என்கிறார் அம்மா. அவர் இப்போது கொஞ்ச நாள் அங்கே, கொஞ்ச நாள் இங்கே என்று இருக்கிறார்.

வேலையை விடாமல் முதலில் சில மாதம் வாடகைக்கு இருந்து பாருங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் போங்கள். மார்கழி, தையில் போனால் எந்த ஊரும் பிடித்துவிடும். வீட்டுப் பெண்களைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள், என் தங்கச்சி மாதிரி ஒருத்தி உங்கள் வீட்டிலும் இருப்பாள். வீடு பார்க்கும்போது வாடகைக்கு முன்னால் நல்ல தண்ணீர் எந்தெந்தக் கிழமை வரும், குடம் என்ன விலை என்று கேளுங்கள். உங்கள் சம்பளம் எவ்வளவு, ஏன் திரும்பி வந்தீர்கள், பிள்ளை இல்லையென்றால் ஏன் இல்லை என்பதையெல்லாம் வீட்டுக்காரர் முதல் நாளே விசாரிப்பார். முகம் சுளிக்காமல் பதில் சொல்லிவிடுங்கள்.