ப்ளேரைட் டெஸ்டுக்குள் அணுகல்தன்மைச் சோதனையைச் சேர்த்துவிட்டால், கையால் சோதிப்பதை விட்டுவிடலாமா?

விடக் கூடாது. கேள்விக்கு இதுதான் பதில், அவசரக்காரர்கள் இத்துடன் போகலாம்.

மற்றவர்களுக்கு: ப்ளேரைட் என்பது பிரௌசரைத் தானாக இயக்கித் தளத்தைச் சோதிக்கும் கருவி. அணுகல்தன்மை, அதாவது அக்சஸிபிலிட்டி, என்றால் பார்வையில்லாதவர் உட்பட எல்லோராலும் தளத்தைப் பயன்படுத்த முடிவது. ரிலீஸ் நெருங்கியிருக்கும், மேனேஜர் "அக்சஸிபிலிட்டியையும் ஆட்டோமேட் பண்ணிடுங்க" என்று ஒரு வரி அனுப்பியிருப்பார், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடரைப் போட்டுக் கேட்க யாருக்கும் நேரம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். சரிதானே? எனக்கும் அதே வரிதான் வந்தது.

நான் மொரீஷியஸ்காரன். வீடு ரோஸ்ஹில்லில், வேலை எபேனில், பதினோரு வருடமாக டெஸ்டர். எங்கள் கம்பெனிக்கு வேலை தருபவர்களில் முக்கால்வாசிப் பேர் பிரான்ஸ்காரர்கள். அதில் ஒரு சுற்றுலா முன்பதிவுத் தளம். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2019-லேயே நிறைவேறிவிட்டது, 2025 ஜூன் 28 முதல் அமலுக்கு வரும் என்று அப்போதே சொல்லியாயிற்று. இவர்கள் 2025 பிப்ரவரியில் விழித்துக்கொண்டார்கள்.

அணுகல்தன்மைக் குறைகளைத் தேடும் ஆக்ஸ் என்ற நிரல் நூலகத்தை எங்கள் ப்ளேரைட் டெஸ்டுகளுக்குள் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை. பக்கம் திறந்ததும் ஸ்கேன், விதிமீறல் இருந்தால் டெஸ்ட் தோல்வி. முதல் ஓட்டத்தில் முந்நூற்றுச் சொச்சம் பிழைகள் வந்து விழுந்தன. பயந்துவிடாதீர்கள், உங்களுக்கும் அப்படித்தான் வரும். பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே சாம்பல் நிறம். வெள்ளைப் பின்னணியில் #999 என்ற எழுத்து நிறத்துக்கு மாறுபாடு 2.85-க்கு 1தான் வரும், சாதாரண அளவு எழுத்துக்குத் தேவை 4.5-க்கு 1. அதை #767676 ஆக மாற்றினால் மயிரிழையில் தப்பிக்கலாம். டிசைனரிடம் சண்டை போட்டு மாற்றினோம். மிச்சத்தில் பெரும்பகுதி ஃபுட்டரில் இருந்த பெயரில்லாத ஐகான் பட்டன்கள். ஒரு கம்போனென்ட்டைத் திருத்தியதும் எல்லாப் பக்கத்திலும் போய்விட்டது. மூன்றே வாரத்தில் எல்லாம் பச்சை.

மேனேஜர் அந்தப் பச்சையை அப்படியே படம் பிடித்து "100% இணக்கம்" என்று போட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட்டார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கு நான் தடுத்திருப்பேனா என்றால், இல்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலு நாள் கழித்து ஒரு ஆடியோ வந்தது. அவர்கள் பக்கத்து ஆலோசகர் ஒருவர், கண் பார்வையில்லாதவர், என்விடிஏ என்ற ஸ்க்ரீன் ரீடரில் எங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து நாற்பது விநாடி பதிவு செய்திருந்தார். கூடவே ஒரு சொல்கூட எழுதவில்லை. மீட்டிங்கில் அதைப் போட்டார்கள். ஓர் ஆங்கிலக் குரல் எங்கள் பிரெஞ்சுப் பக்கத்தை ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறது. விலை என்பதற்கான "ப்ரி" அதன் வாயில் "ப்ரிக்ஸ்" ஆகிவிட்டது. "தோ நுயி", அதாவது இரண்டு இரவு, என்ன ஆனது என்று எழுதவே கூசுகிறது. பிரெஞ்சும் ஆங்கிலமும் கிரியோலும் பேசுகிற ஒன்பது பேர் அந்த அறையில் இருந்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை.

காரணம் அற்பம். ப்ராஜெக்ட் தொடங்கியபோது எடுத்த டெம்ப்ளேட்டில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று எழுதியிருந்தது. யாரும் மாற்றவில்லை. ஆக்ஸ் ஏன் பிடிக்கவில்லை? அது பார்ப்பது இரண்டே விஷயம்: மொழி குறிப்பிடப்பட்டிருக்கிறதா, அந்தக் குறியீடு செல்லுபடியாகுமா. ஆங்கிலம் செல்லுபடியாகும் மொழிதானே! கீழே இருப்பது பிரெஞ்சா சீனமா என்று அது வாசித்துப் பார்ப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பிரெஞ்சு அரசின் ஆர்ஜிஏஏ விதித்தொகுப்பில் இது தெளிவாகப் பிரித்தே எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் 106 அளவுகோல்கள். அதில் 8.3 மொழி குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்கிறது. 8.4 குறித்த மொழி பொருத்தமானதா என்று கேட்கிறது. எங்கள் டெஸ்ட் 8.3-க்குப் பதில் சொல்லிவிட்டு 8.4-க்கும் மார்க் வாங்கிக்கொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சர்க்கரை நோயில் பார்வை போய் எட்டு வருடமாகிறது. போனில் பிரெஞ்சுக் குரலை வைத்துத்தான் செய்தி கேட்கிறார். மொழியைத் திருத்திய பக்கத்தை அவர் முன் வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஏண்டா, இந்தப் பொம்பளை ஏழு தடவை 'மேலும் அறிய, மேலும் அறிய'ன்னே சொல்றா. எதைப் பத்தி அறியறது?" என்றார். ஏழு ஹோட்டல், ஏழு லிங்க், ஏழுக்கும் ஒரே பெயர். லிங்க்குக்குப் பெயர் இருக்கிறது என்பதால் ஆக்ஸுக்கு அதுவும் பச்சை. பிறகு தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டியைத் திறந்தார். ஃபோகஸ் (விசை அழுத்தினால் எங்கே போய்ச் சேருமோ அந்த இடம்) பெட்டிக்குள் போகாமல் பின்னால் இருக்கும் பக்கத்தில் அலைந்தது. அதையும் டெஸ்ட் பார்க்கவில்லை, ஏனென்றால் ஸ்கேன் ஓடியபோது பெட்டி மூடியிருந்தது. திறந்து வைத்து ஸ்கேன் செய்திருந்தாலும் ஃபோகஸ் எங்கே போகிறது என்பதை அது சொல்லியிருக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் பெரியப்பா பிடித்தவை ஆறு. டீயும் காட்டோ பிமா என்கிற மிளகாய் வடையும் பெரியம்மா கொடுத்தார், கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது கமென்ட்டில் "அப்போ ஆட்டோமேஷனே வேண்டாமா?" என்று ஒருவர் வருவார். நான் அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017-இல் வேண்டுமென்றே குறைகளை நிரப்பி ஒரு பக்கம் செய்து பல கருவிகளை அதன்மேல் ஓடவிட்டது. முதலிடம் பிடித்த கருவிகூடப் பாதியைத் தொடவில்லை. ஆனால் அந்தப் பாதிக்குக் குறைவானதை ஒவ்வொரு பில்டிலும் சலிக்காமல் பார்ப்பதற்கு என்னால் முடியாது, இயந்திரத்தால் முடியும். திருத்திய சாம்பல் நிறம் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தால் அன்றைக்கே கத்துகிறதே, அது போதும் எனக்கு.

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். தனியாக ஒரு அணுகல்தன்மை டெஸ்ட் என்று வைப்பதில்லை. ஏற்கெனவே ஓடும் முன்பதிவு டெஸ்டுக்குள், பெட்டி திறந்த பிறகு ஒருமுறை, படிவத்தில் பிழைச் செய்தி வந்த பிறகு ஒருமுறை என்று நிலை மாறும் இடத்திலெல்லாம் ஸ்கேன். அனிமேஷன் முடியும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் பாதி மங்கிய எழுத்தைப் பார்த்து மாறுபாடு போதாது என்று இன்று விழும், நாளை எழும். பழைய தளமாக இருந்தால் இருக்கும் பிழைகளைப் பட்டியலாகச் சேமித்துவைத்து, புதிதாக வருபவற்றுக்கு மட்டும் டெஸ்டை விழவையுங்கள். முதல் நாளே எல்லாவற்றுக்கும் விழவைத்தால் டெவலப்பர்கள் விதியையே அணைத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். ஆக்ஸ் "முடிவு சொல்ல முடியவில்லை" என்று தனியாக ஒரு பட்டியல் தரும், பெரும்பாலோர் அதைத் திறப்பதே இல்லை. வாரம் ஒருமுறையாவது திறங்கள். ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில், ஜேஎஸ்டாம் என்ற போலிப் பிரௌசர் மேல் ஓட்டுகிறீர்கள் என்றால் அங்கே நிற மாறுபாடு சோதிக்கப்படாது, அதற்கு உண்மையான பிரௌசர் வேண்டும்.

விசைப்பலகைச் சோதனையை நாங்களே எழுதினோம்: டேப் அழுத்து, ஃபோகஸ் எங்கே என்று கேள், எஸ்கேப் அழுத்து, பெட்டியைத் திறந்த பட்டனுக்கே ஃபோகஸ் திரும்பியதா பார். மொழிக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. முகவரியில் பிரெஞ்சு என்று இருந்தால் பக்கத்தின் மொழியும் பிரெஞ்சாக இருக்க வேண்டும். மூன்றே வரி. அந்த மூன்று வரி இருந்திருந்தால் அந்த நாற்பது விநாடியை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருநாள் என்விடிஏவோடு ஒரு முழு முன்பதிவு, திரையை அணைத்துவிட்டு. அது இலவச மென்பொருள், காசு இல்லை என்ற சாக்கு செல்லாது.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ் இருக்கிறது, அதற்கடுத்து இந்தி. 1998-இல் புது நோட்டில் தமிழும் இந்தியும் இடம் மாறி அச்சாகி வந்தபோது எங்கள் சமூகமே கொதித்தது, நோட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அப்பா அந்த நாட்களை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படிப்பட்ட ஊரில், எங்கள் கம்பெனியே செய்த ஒரு உள்ளூர்த் தளத்தில், சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து தமிழில் இருக்கிறது. அது தமிழ் என்று குறிக்கவில்லை. பெரியப்பாவின் போனில் இருக்கும் பிரெஞ்சுக் குரல் அந்த வரிக்கு வந்ததும் மௌனமாகி அடுத்த வரிக்குப் போகிறது. தேவாரம் பாடுகிற மனுஷர், அங்கே தமிழ் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை. சென்னையில் இருந்து வேலை செய்யும் ஒரு சகா, "மொரீஷியஸ்ல யாருங்க தமிழ் படிக்கப் போறாங்க?" என்று போனில் கேட்டார். நான் எழுதியிருக்கும் இந்தத் தமிழைப் பார்த்தும் யாராவது அப்படிக் கேட்டால் பதில் சொல்ல மாட்டேன்.

அந்த வரிக்கு மொழிக் குறி போடச் சொல்லி ஏப்ரலில் டிக்கெட் போட்டேன். திருத்த ஐந்து நிமிஷம் ஆகும். "முன்னுரிமை: குறைவு" என்று இன்னும் திறந்தே கிடக்கிறது.